சாம்பலுக்குக் கூண்டு, கீரிக்குக் கூடை

முட்டை எடுக்கக் கையை விட்டேன். உள்ளேயிருந்து 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். கோழிச் சத்தம் மாதிரியே இல்லை. தையல் மெஷினில் அடிநூல் சிக்கிக்கொண்டால் ஓர் உறுமல் வருமே, அது மாதிரி. கையை இழுப்பதற்குள் புறங்கையில் ஒரு கொத்து. சாம்பல் நிறப் பெட்டை, கல்லில் ஊற்றிய தோசை மாவு மாதிரிப் பரந்து கிடந்தது. கழுத்து மயிர் சிலிர்த்து நிற்கிறது, கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி இருக்கிறது. அடியில் இருந்தது ஒரே ஒரு முட்டை. அதுவும் அது போட்டதல்ல.

அப்போது பங்குனி கடைசி. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. பேருக்குக் கேரளா, பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. அதனால் குஞ்சு பொரிக்கவென்று கோழி உட்கார்ந்துவிடுகிற இந்த விஷயத்துக்கும் எங்களிடம் ரெண்டு மூன்று பெயர் புழங்குகிறது. அத்தை "அவயத்துக்கு வந்திருச்சு" என்பார். பக்கத்து வீட்டுச் சேச்சி "பொருன்ன" என்பார். மகளின் பாடப் புத்தகத்தில் "அடைகாத்தல்". பேர் எதுவானாலும் அந்தக் கொத்து ஒரே கொத்துத்தான்.

எங்களுடையது சின்னக் கூட்டம். மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ ரகம் 5, நாட்டுச் சிறுவிடைப் பெட்டை 4. கிராமஸ்ரீ நிறைய முட்டை போடுகிற ரகம். போட்டுவிட்டு எழுந்து போய்விடும், திரும்பிப் பார்க்காது. சிறுவிடை அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அதற்குத் தாயாக வேண்டும். சாவல் ஒன்று இருந்தது. அதை மாசியில் பட்டப்பகலில் கீரி கொண்டுபோய்விட்டது. (இந்தக் கதையில் இன்னொரு கீரியும் வரும். அது கோழி. நிறத்தை வைத்துக் கூப்பிடுவது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆக, சாம்பல் உட்கார்ந்தபோது வீட்டில் கருக்கூடிய முட்டையே கிடையாது. சாவல் சேர்ந்த பிறகு பத்து நாள், மிஞ்சினால் மூன்று வாரம் வரைக்கும் பெட்டையின் உடம்பில் விந்து தங்கியிருக்கும், அதற்குள் இடுகிற முட்டை பொரிக்கும். எங்கள் சாவல் போய் மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாம்பல் என்னதான் தவம் கிடந்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும்.

இது அவயம்தானா, சும்மா முட்டை போட நேரமெடுக்கிறதா என்று முதல் நாள் சந்தேகம். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். மற்றதெல்லாம் பரணில் ஏறி வரிசையாக உட்கார்ந்திருக்க, இது மட்டும் முட்டையிடுகிற பக்கெட்டில். முட்டை போடப் போன கோழி ராத்திரி பரணுக்கு வந்துவிடும். வரவில்லை என்றால் முடிந்தது கதை. மறுநாள் காலையில் தூக்கி வெளியே விட்டேன். பந்து மாதிரி உப்பிக்கொண்டு, 'கொக் கொக் கொக்' என்று கேறிக்கொண்டே ரெண்டு சுற்று சுற்றி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு எச்சம் போட்டது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம். ஒரு நாள் பூராவும் அடக்கி வைத்து ஒரே தடவையில் போடுவதால் வரும் நாற்றம் அது. நோய் இல்லை. தெரியாதவர்கள் பயந்து மருந்து வாங்கிவிடுவார்கள்.

உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், நமக்கு என்ன என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டில் முட்டையிட ரெண்டே இடம்தான். பெயின்ட் பக்கெட்டைச் சாய்த்து, வைக்கோல் போட்டது. அதில் ஒன்றைச் சாம்பல் பிடித்துக்கொண்டது. மற்ற எட்டும் இன்னொன்றில் முண்டியடித்தன. சிலது சாம்பல் முதுகிலேயே ஏறி நின்று முட்டை போட்டன. ரெண்டு நாளில் மூன்று முட்டை உடைந்தது. உடைந்த முட்டையைத் தின்று பழகிய கோழி பிறகு தானே உடைத்துத் தின்ன ஆரம்பித்துவிடும், அதுதான் என் பெரிய பயம். அது போக, உட்கார்ந்த கோழி சரியாகத் தின்னாது, தண்ணீர் குடிக்காது, மண்ணில் புரளாது. ஒரே இடத்தில் சூடாக அசையாமல் இருந்தால் செல்லுக்கு, அதாவது கோழிப் பேனுக்கு, கொண்டாட்டம். பங்குனி, சித்திரை பாலக்காட்டு வெயிலில், 38, 39 டிகிரியில், அரை வயிறும் அரைத் தண்ணீருமாக ஒரு கோழி தகரக் கூரைக்கு அடியில் கிடப்பது அதற்கே ஆபத்து.

முதல் மூன்று நாள் நான் செய்ததெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். முட்டையை எடுத்தேன். வெறும் வைக்கோலில் உட்கார்ந்தது. வைக்கோலையும் எடுத்தேன். பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தது. பக்கெட் வாயைப் பலகையால் அடைத்தேன். பலகைக்கு முன்னால், மண்ணில், அதே மாதிரிப் பரந்து உட்கார்ந்தது. மகள் தன் ரப்பர் பந்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள் போல. சாயங்காலம் தூக்கினால் பச்சைப் பந்து அடியில், நல்ல சூடாக. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தூக்கி வெளியே விடுவேன். ரவிக்கைக்குக் கை வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் திரும்ப உள்ளே இருக்கும்.

நாலாம் நாள் அத்தை தலையிட்டார். "ஏங்கண்ணு, இப்படிக் கொஞ்சிட்டு இருந்தா அது ஆடி வரைக்கும் உக்காந்திருக்கும். அண்டாவுல தண்ணி புடிச்சு நாலு முக்கு முக்கி எடு, தன்னால தெளியும்." முக்கினோம். தலையை மேலே பிடித்துக்கொண்டு, வயிறு நனைகிற மாதிரி. சாம்பல் ஒரு சத்தமும் போடவில்லை. அந்த வெயிலுக்கு அது சுகமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். வெளியே விட்டதும் உதறியது, கொஞ்சம் குருணை தின்றது, முக்கால் மணி நேரத்தில் ஈரத்தோடு பக்கெட்டுக்குள். வைக்கோலும் நனைந்து நாறியதுதான் மிச்சம். அடுத்த நாளும் முக்கினோம். அதே கதை.

அத்தையிடம் இன்னும் ரெண்டு வைத்தியம் கையிருப்பில் இருந்தது. ஒன்று, காலில் கயிறு போட்டு வெட்டவெளியில் கட்டுவது. எங்கள் தெருவில் இருக்கிற நாய்களின் எண்ணிக்கைக்கு அது கோழியை இலையில் வைத்துப் பரிமாறுவது மாதிரி. இன்னொன்று, அதன் றெக்கையிலேயே ஒரு மயிரைப் பிடுங்கி மூக்குத் துளையில் குறுக்கே குத்தி விடுவது. ஊரில் இன்னும் நிறையப் பேர் செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மூக்குப் புண்ணாகிச் சீழ் வைத்த கோழியைச் சின்ன வயதில் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வீட்டில் பார்த்திருக்கிறேன். "அது மட்டும் வேண்டாமுங்க அத்தை" என்றேன். அவர் அதற்கப்புறம் பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒன்று கவனித்தேன். சாம்பலைத் தூக்கும்போது என் உள்ளங்கை அதன் நெஞ்சுக்கடியில் போனது. அங்கே மயிரே இல்லை. வெறும் தோல், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரிக் கொதித்தது. அடைக்கு வந்த பெட்டைக்கு அந்த இடத்து மயிர் உதிர்ந்து, தோலுக்கு அடியில் ரத்த ஓட்டம் கூடிவிடும். முட்டைக்கு நேரடியாகச் சூடு போக வேண்டுமே, அதற்கு. இதையெல்லாம் செய்வது புரோலாக்டின் என்கிற சுரப்பு. அது ஏறினால் முட்டை போடுவது நிற்கும், உட்காரத் தோன்றும். உட்கார்ந்து நெஞ்சில் சூடும் தொடுகையும் பட்டுக்கொண்டே இருந்தால் அது இறங்காது. அப்படியே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றும். முட்டையை எடுத்தாலும் பக்கெட்டை மறைத்தாலும் இந்தச் சுற்று அறுபடாது. வயிற்றுக்கு அடியில் சூடு தங்காமல் பார்த்துக்கொண்டால் அறுபடும். அத்தை முக்கியதும் இதே கணக்குத்தான். ஆனால் அது பத்து நிமிடக் குளிர்ச்சி. நாள் முழுக்கக் காற்றுப் பட வேண்டும்.

கூண்டு செய்ய முடிவு பண்ணினேன். 2 அடி அகல வெல்டு மெஷ் ரோலில் 9 அடி போதும். கண்ணி ஒரு அங்குலம் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிது என்றால் கால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், அரை அங்குலம் என்றால் எச்சம் கீழே விழாமல் தங்கிவிடும். 6 அடியை வெட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு மடிப்பாக நாலு மடிப்பு மடித்தால் 2 அடி நீளத்துக்கு ஒரு சதுரக் குழாய் கிடைக்கும். மீதி 3 அடியில் ஒன்றரைக்கு ஒன்றரையாக ரெண்டு துண்டு, ரெண்டு வாய்க்கும். ஒன்றைக் கட்டுக்கம்பியால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும், இன்னொன்றை ஒரு பக்கம் மட்டும் வளையம் போட்டால் கதவு. மடிக்கும்போது ஒரு மரச்சட்டத்தை ஓரத்தில் வைத்து அழுத்தினால் மூலை நேராக வரும். நான் முதலில் கையாலேயே மடித்தேன், கூண்டு ஒரு பக்கம் தொப்பை போட்டுக்கொண்டது. வெட்டிய கம்பி முனை ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். துணி வெட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு மதிய வேலை. ரெண்டு இடத்தில் கையில் கீறல், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து பார்த்து, "எலிப்பொறி பெருசா இருக்குதே" என்றார்.

இங்கேதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன். கூண்டைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் தரையில் வைத்தேன். கம்பி புல்லிலும் மண்ணிலும் பதிந்தது. சாம்பல் உள்ளே போய் அரை மணி நேரத்தில் மண்ணைச் சூடாக்கிக்கொண்டு ஜோராக உட்கார்ந்துவிட்டது. ரெண்டு நாள் அப்படியே போனது. பிறகு ரெண்டு ஹாலோபிளாக் மேல் ஏற்றினேன். ஆனால் கம்பி காலைக் குத்துமே என்று இரக்கப்பட்டு ஒரு சாக்கை மடித்து விரித்தேன். கேட்க வேண்டுமா, அதற்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி. சேச்சி வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "சாக்கு எடுக்கு, சாக்கு எடுக்கு" என்று சிரித்தார்.

சாக்கை எடுத்தேன். ஹாலோபிளாக்கை இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு அடுக்கி, கூண்டைத் தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்துக்குக் கொண்டுபோனேன். அடியில் நடுவே வெறும் காற்று. நிழல் வேண்டும், ஆனால் இருட்டு கூடாது. இருட்டு மூலை என்றால் அது கூடு என்று நினைத்துக்கொள்ளும். மற்ற கோழிகள் மேய்வது தெரிகிற இடம் நல்லது. சிரட்டை ஒன்றில் தண்ணீர், ஒன்றில் தீனி, கம்பியில் கட்டிவிட்டேன். பட்டினி போட்டால் சீக்கிரம் தெளியும் என்பார்கள், கேட்காதீர்கள். ஏற்கெனவே எடை குறைந்துபோன கோழி அது. ராத்திரி கூண்டோடு தூக்கிக் கொட்டகைக்குள், அங்கேயும் கல் மேல்தான். பரணிலோ பக்கெட்டிலோ விட்டால் பகலில் ஆறியது ராத்திரியில் திரும்பிவிடும்.

முதல் நாள் முழுக்க உறுமல். கம்பி மேலேயே படுத்துப் பார்த்தது. காற்று அடியில் ஓட, ஓட, எழுந்து திரும்பிப் படுத்தது. ரெண்டாம் நாள் மதியம் நான் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தது. உட்காரவில்லை, நின்றது. அதற்கு நான் மெஷினை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன் என்றால் அந்த வாரம் என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். மூன்றாம் நாள் றெக்கையைக் கோதியது. கேறல் போய்ச் சாதாரணக் கோழிச் சத்தம் வந்தது. நாலாம் நாள் காலையில் திறந்துவிட்டேன். நேராக ஓடியது, பக்கெட்டுக்கு.

மனசு உடைந்துபோக வேண்டாம். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். திறந்துவிட்டு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். பக்கெட்டுக்குப் போனால் இன்னொரு நாள் கூண்டு. ஐந்தாம் நாள் திறந்ததும் சாம்பல் ஒரு மண்குழியில் இறங்கி, மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை நீட்டிப் புரண்டது. ரெண்டு வாரமாக மண் குளிக்காத கோழி. அன்று ராத்திரி பரணில் ஏறியது. நெஞ்சுக்கடியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு மற்ற கோழி மாதிரித்தான் இருந்தது. முட்டை மட்டும் உடனே வரவில்லை. 16 நாள் கழித்துத்தான் முதல் முட்டை.

கணக்குப் பார்த்தால், உட்கார்ந்த அன்றே கல் மேல் கூண்டில் போட்டிருந்தால் ஐந்து நாள். நான் தடவிக்கொண்டு இருந்ததில் மொத்தம் 14 நாள். அவயம் எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்குத் தெளிவதும் இழுக்கும், முட்டைக்குத் திரும்புவதும் தள்ளிப்போகும். டார்ச் அடித்துப் பார்த்த அந்த ராத்திரியே முட்டை வைக்கிறதா, அவயத்தைக் கலைக்கிறதா என்று முடிவு பண்ணியிருக்க வேண்டும்.

கடையில் பிறந்து ஒரு நாளான குஞ்சு வாங்கி ராத்திரியோடு ராத்திரியாக அடியில் விட்டால் தாய் மாதிரி வளர்க்குமே என்று கேட்பீர்கள். வளர்க்கும், மூன்று வாரம் உட்கார்ந்து முற்றிய கோழி என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அந்த வெயிலில் குஞ்சைப் பெட்டியில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவர எனக்குத் தைரியம் இல்லை.

ஆனியில் உடுமலைச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரு சாவல் வந்தது. சிவப்புக் கழுத்து, கறுப்பு வால், திமிர் பிடித்தது. ஆடி பிறந்து ரெண்டாம் நாள், கீரி நிறப் பெட்டை பக்கெட்டில் படுத்து உறுமியது. இந்தத் தடவை நான் தடவவில்லை. ராத்திரி டார்ச் அடித்தேன், பரணில் இல்லை. வைத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு. ஆனால் நல்ல முட்டையை உடனே வைக்கவில்லை. ரெண்டு பொய் முட்டையை வைத்து இன்னும் ரெண்டு ராத்திரி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பாதியில் எழுந்துபோகிற கோழியும் உண்டு.

முட்டை சேர்க்கிறதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, கழுவக் கூடாது. மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதன் மேல் ஒரு சின்னச் சட்டியில் கூர்முனை கீழே பார்க்க நிறுத்தி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வைத்தேன். ஒரு வாரத்துக்கு மேல் பழையதை எடுக்கவில்லை. சித்திரையில் அடை வைத்தால் குஞ்சு கிடைக்காது என்று சேச்சி சொல்வார். அதற்குக் காரணம் உண்டு. அந்த வெயிலின் அறைச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, கோழிக்கு அடியில் போவதற்குள் நின்று செத்துவிடும்.

கூடை பழைய மூங்கில் கூடை. அடியில் மூன்று விரல் மணல், மேலே வைக்கோல், நடுவில் லேசாகக் குழி. செல்லுக்கு நொச்சியும் வேப்பிலையும். கீரியின் றெக்கை இடுக்கில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துவிட்டேன். பன்னிரண்டு முட்டை தேறியது. "ஒத்தப்படையில வை" என்றார் அத்தை. பதினொன்றானது. மிச்சம் ஒன்று ஆம்லெட். ஒற்றைப்படைக்கு என்ன காரணமோ, எண்ணிக்கையைக் குறைத்தது நல்லதாகப் போயிற்று. சிறுவிடை சின்ன உடம்பு. ஒரு முட்டை வெளியே தள்ளி நின்றால் அந்த ஒன்றோடு போகாது. கோழி உருட்டி உருட்டி மாற்றுவதால் ஒவ்வொன்றாக வெளியே வந்து எல்லாமே ஆறும். இடிக்குக் கரு கலங்காமல் இருக்க அத்தை ஒரு கரித்துண்டு, ரெண்டு காய்ந்த மிளகாய், ஒரு ஆணி போட்டார். ஆணி முட்டையில் இடிக்குமே என்று அவர் போன பிறகு மணலுக்குள் புதைத்து வைத்தேன். இரும்பு அங்கேதான் இருக்கிறது, அவர் மனசும் நிறைவு, என் முட்டையும் பத்திரம்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. இதை மட்டும் மறக்காதீர்கள். ஐந்தாம் நாள் எண்ணினால் 13 இருந்தது. கொட்டகைக் கதவு சரியாகச் சாத்தாமல் வேறு யாரோ உள்ளே போய் ரெண்டு போட்டிருக்கிறார்கள். குறி இல்லாததை எடுத்துவிட்டேன். குறி போடாமல் இருந்தால் 21ஆம் நாள் எதை எடுப்பது, எதை விடுவது?

ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் மேற்கேயிருந்து நுழைகிற காற்று எங்கள் தோட்டத்தில் தென்னையை ஒரே பக்கமாகச் சீவி வைக்கும். கொட்டகையின் மேற்குப் பக்கம் முழுக்கச் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டேன். தையல்காரியாக இருப்பதில் அப்படியும் ஒரு லாபம்.

தினமும் காலை கீரியை வெளியே விடுவேன். தின்று, குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டு, 15, 20 நிமிடத்தில் தானே திரும்பிவிடும். ஒன்பதாம் நாள் ஓணத்துக்குத் தைக்க வந்த ரவிக்கைகளில் மூழ்கிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துக் கொட்டகைக்குப் போனால் கூடை காலி. கீரி எங்கே என்று பார்த்தால், பழைய பக்கெட்டில், ஒன்றுமில்லாத வைக்கோலில், ரொம்பக் கடமையாக உட்கார்ந்திருக்கிறது. கோழிக்கு முட்டை ஞாபகம் இல்லை, இடம்தான் ஞாபகம். முட்டையைத் தொட்டால் குளிர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஆனாலும் கீரியைத் தூக்கிவந்து வைத்து, பக்கெட் ரெண்டையும் வெளியே எடுத்துப் போட்டேன். முட்டைக்கு அதிகச் சூடுதான் எமன். கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கும். அடுத்த ராத்திரி வெளிச்சத்தில் பார்த்தபோது உள்ளே அசைவு இருந்தது.

வெளிச்சம் பார்க்கிறது என்றால் பெரிய வித்தை இல்லை. ஏழாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, அட்டையில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை போட்டு, அடியில் செல்போன் டார்ச். முட்டையின் மழுங்கின முனையை ஓட்டையில் வைக்க வேண்டும். கரு பிடித்த முட்டையில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரிச் சிவப்பு நரம்பும் தெரியும். புள்ளி லேசாகத் துள்ளும். மகள் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பதினொன்றில் ரெண்டு வெறும் மஞ்சள் வெளிச்சம், கூமுட்டை. ஒன்றில் நரம்பு இல்லாமல் ரத்தக் கோடு வளையமாக நின்றது. கரு பிடித்துச் செத்தது. மூன்றையும் எடுத்து மண்ணில் புதைத்தேன். வைத்திருந்தால் அழுகி வெடித்து எல்லாவற்றையும் கெடுக்கும். மிச்சம் எட்டு.

18ஆம் நாளோடு முட்டையைத் தொடுவதை நிறுத்தினேன். கிழக்குப் பக்கமான எங்கள் ஊரில் ஆடிக் காற்று மழையைவிட வறட்சியைத்தான் கொண்டுவரும். ஓடு காய்ந்தால் உள்தோல் தோல்பை மாதிரி இறுகிக் குஞ்சு மாட்டிக்கொள்ளும். கூடை ஓரமாக அடிமணலில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன், வைக்கோல் நனையாமல்.

20ஆம் நாள் ராத்திரி முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று கேட்டது. கீரியின் சத்தமும் மாறியது. உறுமல் இல்லை, மெல்லத் தொண்டைக்குள் பேசுகிற மாதிரி. மறுநாள் காலைக்குள் ஐந்து குஞ்சு. ஆறாவது முட்டையில் பொத்தல் விழுந்து, மூக்கு நுனி தெரிந்து, மதியம் வரை அப்படியே நின்றது. "அம்மா, கொஞ்சம் உரிச்சு விடும்மா" என்று மகள் காலைப் பிடித்தாள். உரிக்கவில்லை. உள்தோலில் இன்னும் ரத்த ஓட்டம் இருக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய் முடிந்திருக்காது, அவசரப்பட்டால் ரத்தம் கசிந்து செத்துவிடும். சாயங்காலம் ஓட்டைச் சுற்றிலும் அதுவே உடைத்துக்கொண்டு வந்தது. ஈரத் துணி மாதிரி விழுந்து கிடந்து, ஒரு மணி நேரத்தில் பஞ்சு ஆனது. மிச்சம் ரெண்டையும் 23ஆம் நாள் வரை விட்டுப் பார்த்து உடைத்தேன். ஒன்றில் முழுக்குஞ்சு, வெளியே வராமலே. எட்டுக்கு ஆறு.

குஞ்சு வந்த அன்றே தீனி, தண்ணீர் என்று பதற வேண்டியதில்லை. வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு ரெண்டு நாளைக்குத் தாங்கும். அதற்குப் பிறகு நொய்யும் குஞ்சுத் தீவனமும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தேன், இல்லையென்றால் விழுந்து நனைந்துவிடும். காக்காய்க்குப் பயந்து முதல் பத்து நாள் கொடாப்புக் கூண்டுக்குள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. அந்த மருந்துக் குப்பி ஒன்று 100 குஞ்சுக்கு. கலக்கினால் ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஆறு குஞ்சுக்கு ஒரு குப்பியா என்று சேச்சி வீட்டுக் குஞ்சும் தெருவில் இன்னும் ரெண்டு வீட்டுக் குஞ்சும் சேர்த்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கிவந்து ஒரே திண்ணையில் உட்கார்ந்து போட்டோம்.

ஆறில் ஒன்றைக் காக்காய் தூக்கியது. ஐந்து நிற்கிறது. கீரி போன வாரம் அதுகளைக் கொத்தித் துரத்த ஆரம்பித்துவிட்டது. அதற்கு இனி முட்டை வேலை.

இன்றைக்குக் காலையில் பக்கெட்டில் கை விட்டேன். 'க்ர்ர்ர்'. சாம்பல். வீட்டில் முட்டை தேவை, இன்னொரு கூட்டம் குஞ்சுக்கு இடமில்லை. கூண்டைத் தேடினால் இல்லை. சேச்சி வாங்கிப்போனது ஞாபகம் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன்.

"இன்னைக்கு ரண்டாம் நாள்தானே ஆச்சு, இனியும் மூணு நாள் வேணும்" என்றார். உள்ளே அவருடைய கறுப்புக் கோழி கம்பி மேல் நின்று என்னை முறைத்தது. அடியில் சாக்கு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை.

மூன்று நாள் காத்திருக்க முடியாது. பொள்ளாச்சியிலிருந்து வரும்போது 9 அடி மெஷ் வாங்கிவரச் சொல்லி வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிவிட்டேன். இந்தத் தடவை மரச்சட்டம் வைத்துத்தான் மடிக்கப் போகிறேன்.